நான் ஒன்றும் செய்யவில்லை

புது பேட்டரி போட்டும் வண்டி பிடிக்கவில்லை. செல்ஃப் நன்றாகத்தான் சுற்றியது. ஆறேழு தடவை அடித்துப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து ஒரு இருமல்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்து, “தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் அங்கிள்” என்றார்கள். வண்டி செங்கல் அடுக்கின்மேல் நின்றுகொண்டிருந்தது. இறக்கினாலும் டயரில் காற்றில்லை. அவர்களை அனுப்பிவிட்டு, பூந்தமல்லியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னேன். டீசல் வண்டி மட்டும் பார்ப்பவர், அறுபதைத் தாண்டியவர்.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் என்னிடம்தான் கேட்டார்.

“எத்தினி நாளா நிக்குது?”

“மூணரை வருஷம்.”

“இன்னா பண்ணீங்க வண்டிய?”

“நான் ஒண்ணும் பண்ணலையே.”

“அத்தான் சார் கேக்கறேன்” என்றார்.

கிண்டலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னோடு புனே வரைக்கும் வந்தது. “நான் ஒன்றும் செய்யவில்லை” என்று நாம் சொல்வது பெரும்பாலும் குற்றமற்றவன் என்று காட்டிக்கொள்ள. அதையே எதிராளி சொன்னால் அது குற்றச்சாட்டு: “நீ ஒன்றும் செய்யவில்லை.” ஒரே சொற்கள்தான், ஆள் மட்டும் மாறுகிறது. செய்யாமல் இருந்ததற்கு ஒருவன் எவ்வளவு தூரம் பொறுப்பு என்ற பழைய கேள்வியை ஒரு டீசல் வண்டியை வைத்து யோசித்துப் பார்க்கும்படி ஆயிற்று.

வண்டி அப்பாவுடையது. டாடா இண்டிகா, டீசல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்து 2004-இல் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. 1998 டிசம்பரில் சந்தைக்கு வந்து, 2018-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. சென்னையில் கால் டாக்சி என்றாலே இண்டிகா என்றிருந்த ஒரு காலம் உண்டு. பெட்ரோலைவிட டீசல் அப்போது நன்றாகவே மலிவு. அப்பாவின் கணக்கு அவ்வளவுதான்.

வீடு குத்தம்பாக்கத்தில். பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசைக்குப் பக்கம். 1996-இல் பஞ்சாயத்துத் தலைவராக வந்த இளங்கோவால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரிந்த ஊர். அங்கே சமத்துவபுரத்தில் ஐம்பது இரட்டை வீடுகள் கட்டினார்கள். நடுவில் ஒரே சுவர். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் மற்ற சாதிக் குடும்பம். வெளியூர் நண்பர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்வேன். எங்கள் வீட்டையும் அப்பா இரண்டு போர்ஷனாகப் பிரித்து நடுவில் ஒரு சுவர்தான் வைத்திருந்தார், எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. மூன்றரை வருஷமாக அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் பேச்சில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா 2020 பிப்ரவரியில் போனார். காரியம் முடித்து நான் புனே திரும்பிய சில நாட்களில் ஊரடங்கு வந்துவிட்டது. அந்த மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் திருமழிசைக்கு மாற்றினார்கள், செப்டம்பர் கடைசி வரை அங்கேதான் நடந்தது. ராத்திரி பூரா லாரி சத்தம் என்று தம்பி போனில் சொல்வான். அப்போதெல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பிறகு புறநகர்ப் பேருந்து முனையத்துக்கு வேலை ஆரம்பித்தது. மண்ணுக்கு விலை வந்தது. அப்பாவின் நிலத்தைப் பற்றி, அவர் இருந்தவரை நாங்கள் பேசியே இராத விஷயங்களைப் பேச ஆரம்பித்தோம். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு வீட்டில் இதே கதை இருக்கும்.

இப்போது டீசல் எஞ்சினுக்கு வருகிறேன். பெட்ரோல் வண்டியில் ஒரு பொறி உண்டு. ஸ்பார்க் ப்ளக் பற்றவைக்கும். டீசலில் அது இல்லை. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினிலிருந்து இன்றுவரை கொள்கை ஒன்றுதான். காற்றை உள்ளே இழுத்து, இருபது பங்கை ஒரு பங்காக இறுக்கினால், அந்த இறுக்கத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பற்றவைக்க வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். ஆனால் அந்தச் சூடு வருவதற்கு எல்லாமே ஒழுங்காக இருக்க வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். ரிங் காய்ந்திருந்தால் காற்று ஓரமாக நழுவிவிடும். பழைய வகை எஞ்சின்களில் முதல் சூட்டுக்குக் கைகொடுக்கத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் ப்ளக் வைத்திருக்கிறார்கள்.

நிறுத்தி வைத்த வண்டியில் இவை ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் கெடுகின்றன. பேட்டரி, வேலை செய்யாவிட்டாலும் தன் மின்சாரத்தைத் தானே இழக்கும். தட்டுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிட்டால் அப்புறம் சார்ஜ் ஏறாது. ரப்பர் ஹோஸ் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். அதன் வழியே டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். காற்று போன குழாயிலிருந்து டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே போய்விடும். மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பது இதைத்தான். டேங்கில் காலியிடம் இருந்தால் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாகக் கசடு கட்டும். ஓடாததால் எண்ணெய்ப் படலம் வடிந்து சிலிண்டர் சுவர் காயும், காய்ந்த இடத்தில் துரு பிடிக்கும்.

இதில் எதையும் யாரும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டித் தேய்ந்த வண்டிக்கு ஒரு கதை உண்டு, யார் எங்கே மோதினார் என்று கேட்கலாம். நின்று கெட்ட வண்டியில் கேட்பதற்கு ஆளில்லை.

சட்டம் இந்த ஆளில்லாத இடத்தை யோசித்திருக்கிறது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவை எழுதியபோது, செய்யாமையால் வரும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியும் குறிப்பில் எழுதினார்கள். கைதிக்குச் சோறு போடாமல் சாகவிட்ட சிறைக்காவலன் கொலைகாரன். குழந்தைக்குச் சோறு போடாத பெற்றோரும் அப்படியே. ஆனால் பிச்சைக்காரனுக்குச் சோறு போடாமல் கடந்துபோன பணக்காரன் கொலைகாரன் இல்லை. ஒருவரைக் காப்பாற்ற இந்த டாக்டர் ஒருவரால்தான் முடியும் என்றாலும், கல்கத்தாவிலிருந்து மீரட் வரை போய் அறுவை செய்ய மாட்டேன் என்று சொன்ன டாக்டரும் இல்லை. 1860-இல் அது இந்திய தண்டனைச் சட்டமானபோது 32-ஆம் பிரிவு சுருக்கமாகச் சொன்னது: செயல் என்று சொல்லும் இடங்களில் சட்டவிரோதமான செய்யாமையும் அடங்கும். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் இந்த எண்ணம் போகவில்லை. செய்யாமை குற்றமாவது, செய்ய வேண்டிய கடமை ஏற்கெனவே இருக்கும்போதுதான்.

இத்தனை வருஷமும் நான் என்னைக் கல்கத்தா டாக்டராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். புனேயில் இருக்கிறேன். ஷெட்டில் நிற்கிற வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க அங்கிருந்து வர முடியுமா? பக்கத்திலேயே இருக்கிற தம்பி பார்த்திருக்க வேண்டாமா?

இதற்கு நேர் எதிராக வாதிட்டவர் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர். 1975-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய சிறு கட்டுரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஆறு வயதுப் பையன் செத்தால் சொத்து வரும் இரண்டு பேர். ஒருவன் குளியல் தொட்டியில் பையனை அமுக்கிக் கொல்கிறான். இன்னொருவன் அதே எண்ணத்தோடு உள்ளே போகிறான், பையன் தானே வழுக்கி விழுந்து தண்ணீரில் முகம் குப்புறக் கிடக்கிறான். இவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான், கையை நீட்டவில்லை. முதலாமவனைவிட இவன் நல்லவனா? இல்லை என்றார் ரேச்சல்ஸ். கொல்வதும் சாகவிடுவதும், வெறும் அந்த வித்தியாசத்தால் மட்டும், ஒழுக்கத்தில் வேறாகிவிடாது என்றார்.

வாதம் பலமானதுதான். ஆனால் அந்தக் கதையில் இரண்டு பேருமே கெட்டவர்கள். நாம் வாழ்க்கையில் பார்க்கிற செய்யாமை பெரும்பாலும் அப்படியில்லை. யாரும் கெடுதல் நினைப்பதில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறோம். அம்மாவின் கண் புரை, பழைய நண்பனுக்குப் போன், தம்பியோடு ஒரு பேச்சு. வள்ளுவர் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் இதைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் நேர்மையாகப் படுகிறது. செய்யக்கூடாததைச் செய்தாலும் கெடும், செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டாலும் கெடும் என்கிறார். எண்ணம் நல்லதா கெட்டதா என்று அங்கே கேட்கவில்லை. கெடும் என்பதோடு சரி. டீசல் எஞ்சினும் அப்படித்தான், நம் மனசைப் பார்த்துத் துருவைத் தள்ளிவைப்பதில்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக் கருவிகளோடு வந்தார். முந்தின நாள் நான் செல்ஃப் அடித்ததைச் சொன்னதும் முகம் சுளித்தார். “டைமிங் பெல்ட்டு ரப்பரு சார். வெடிச்சிருந்தா வால்வு எல்லாம் போயிருக்கும். மொதல்ல கையால சுத்திப் பாக்கணும்.” ஹீட்டர் ப்ளக் நான்கையும் கழற்றி, ஓட்டை வழியே கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் ஆயில் விட்டார். அது இறங்கட்டும் என்று டீ குடிக்க உட்கார்ந்தார். பக்கத்துப் பையன்கள் மறுபடி வந்து, ஏதோ ஸ்ப்ரே இருக்கிறதாமே, காற்று போகிற இடத்தில் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகுமாமே என்றார்கள். “ஹீட்டர் ப்ளக் இருக்கற வண்டிக்கு அத்த அடிச்சா உள்ளயே வெடிக்கும். ரிங்கு ஒடையும்” என்றார். “நின்ன வண்டிய அவசரப்படுத்தக் கூடாதுப்பா. நாமதான நிறுத்துனோம்.”

டீ குடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். நான் முந்தின நாள் பார்த்ததையெல்லாம் அவரும் பார்த்தார். பேட்டரி ஒயர் கழற்றிக் கிடந்தது. நான் அதைக் கோபத்தில் பிடுங்கிப் போட்டது என்று நினைத்திருந்தேன். சைலன்சர் வாயில் துணி அடைத்திருந்தது, பையன்கள் வேலை என்று நினைத்தேன். வண்டி செங்கல்மேல் இருந்தது, சக்கரத்தைக் கழற்றி விற்கப் பார்த்திருக்கிறான் என்றே நினைத்தேன். அவர் சொன்னார்: “யாரோ வெவரம் தெரிஞ்ச ஆளு நிறுத்தி வெச்சிருக்காங்க சார். ஒயரு கழட்டுனது பேட்டரி எறங்காம இருக்க. துணி, எலி போவாம இருக்க. கல்லு, டயரு ஒரே எடத்துல அமுங்காம இருக்க. டேங்க்கு பாருங்க, ஃபுல்லா இருக்கு. தண்ணி சேரக் கூடாதுன்னு ரொப்பி வெச்சிருக்காங்க.”

டேஷ்போர்டு அறையைத் திறந்தேன். ஆர்.சி. புத்தகத்தோடு அப்பாவின் கணக்கு நோட்டு இருந்தது. கிலோமீட்டர், டீசல், ஆயில் மாற்றிய தேதி எல்லாம் அதில் எழுதுவார். 2020 ஜனவரியோடு அவர் கையெழுத்து நிற்கிறது. அதற்குக் கீழே தம்பியின் கையெழுத்து. ஞாயிறு, 15 நிமிஷம். ஞாயிறு, 15 நிமிஷம். ஊரடங்கு முழுக்க, ஒரு வாரம் விடாமல், பக்கம் பக்கமாக. கடைசி வரி 2021 ஜூலையில்: ‘டேங்க் ஃபுல். ஒயர் கழட்டியாச்சு. கல் வெச்சாச்சு.’ பக்கத்தில் ஒரு பங்க் பில் ஒட்டியிருந்தது. எழுத்து வெளுத்து வெறும் தாளாகியிருந்தது.

அந்த ஜூலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. தம்பி வண்டியை விற்கப் பார்க்கிறான் என்று ஒரு சொந்தக்காரர் போனில் சொன்னார். அன்று ராத்திரியே அவனைக் கூப்பிட்டேன். “பாகம் பிரிக்கிற வரைக்கும் நீ எதையும் தொடாத. வண்டியும் அப்படியே கெடக்கட்டும்.” அவன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. “சரிண்ணா” என்று வைத்துவிட்டான். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அவன் சொன்னபடியே செய்தான். திருமழிசை ஆழ்வார் சொன்னதற்காகப் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துபோன காஞ்சிப் பெருமாளைச் சொன்னவண்ணம் செய்தவர் என்று எங்கள் பக்கத்தில் கொண்டாடுவார்கள். தம்பியும் சொன்ன வண்ணம் செய்தான். தொடுவதை நிறுத்தினான். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால், தொடாமல் கிடக்கப் போகிற ஒரு வண்டிக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்துவிட்டு நிறுத்தினான்.

அப்படியானால் இந்த வண்டியை யார் கெடுத்தது? தம்பி ஸ்டார்ட் பண்ணவில்லை. ஆனால் அவன் செய்யாமைக்கு என் சொல் காரணம். நானும் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் செய்துகொண்டிருந்தவன் கையைத் தடுத்தேன். மெக்காலேயின் கணக்கில் நான் மீரட் போகாத டாக்டர் இல்லை. போய்க்கொண்டிருந்த டாக்டரை வழியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனவன்.

ஒரு மனிதன் ஒவ்வொரு நாளும் செய்யாமல் விடுகிறவற்றுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்றால் யாரும் தூங்க முடியாது. ஆகவே கோடு எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும். எனக்குப் புரிந்த கோடு இதுதான். ஒன்றைப் பற்றி ‘இது என்னுடையது’ என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அதைப் பார்க்காமல் இருப்பது வெறும் செய்யாமை இல்லை. உரிமை கேட்கும்போது கடமையையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். ‘தொடாதே’ என்பது உரிமைக்காரனின் சொல். அதைச் சொன்ன அன்றைக்கே ஞாயிற்றுக்கிழமைப் பதினைந்து நிமிஷம் என் கணக்குக்கு மாறிவிட்டது. நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். நிலத்துக்கும் வீட்டுக்கும் இதைப் பொருத்திப் பார்த்தால் எனக்கு வசதியாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக் கிராங்க் புல்லியில் ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றினார். முதலில் அசையவில்லை. பிறகு கனமாக ஒரு சுற்று வந்தது. அவர் முகத்தில் அப்போதுதான் நம்பிக்கை வந்தது. பெல்ட்டை மாற்றினார். ஹீட்டர் ப்ளக்கில் இரண்டு செத்திருந்தன. ஹோஸ், ஃபில்டர் எல்லாம் புதிது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலை வடித்தார், கீழே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அவ்வளவு ரொப்பி வைத்தும் கொஞ்சம் சேர்ந்துதான் இருந்தது. பிறகு கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தார். திருகைத் தளர்த்திய இடத்தில் நுரை நுரையாகக் காற்று வந்து, கடைசியில் சுத்தமான டீசல் வழிந்தது. நாசில் நட்டுகளிலும் அதே மாதிரி. “இப்ப அடிங்க.”

மூன்றாவது தடவையில் வெள்ளைப் புகை வந்தது. டீசல் உள்ளே போகிறது, இன்னும் எரியவில்லை என்று அர்த்தம். ஆறாவது தடவையில் பிடித்தது. ஷெட்டே அதிர்ந்தது. தகரத்திலிருந்து தூசி கொட்டியது.

சத்தம் கேட்டு தம்பி அவன் போர்ஷன் வாசலுக்கு வந்தான். என்னைப் பார்க்கவில்லை, எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக்கிடம், “மூணு சிலிண்டர்லதாண்ணா ஓடுது” என்றான். அவர் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்திப் பார்த்தார். மூன்று நட்டுகளில் எஞ்சின் தடுமாறியது. ஒன்றில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்யாத சிலிண்டர் அதுதான். அந்த நாசிலைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

“ஏன்டா சொல்லல, ரெண்டு வருஷம் ஓட்டி வெச்சிருந்தேன்னு?” என்று கேட்டேன்.

“ஒண்ணரை வருஷம்” என்றான். “நீதானண்ணா தொடாதன்ன.”

எஞ்சினையும் மனிதர்களையும் நான் ஒன்றாக்கவில்லை. எஞ்சின் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தால் ஓடிவிடும். தம்பி அப்படியில்லை, இருக்கவும் தேவையில்லை. ஒருநாள் வேலையில் முடிகிற விஷயமில்லை அது. சட்டப்படி, உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பித்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். நாங்கள் ஐந்து வருஷம் தாண்டிவிட்டோம். எஃப்.சி.யும் முடிந்துவிட்டது. உன் பேருக்கு மாத்திக்க, நான் கையெழுத்துப் போடறேன் என்றேன். “யோசிச்சுச் சொல்றேன்” என்றான். இன்னும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருப்பது இப்போது என் வேலை.

புனேக்கு ரயிலில் திரும்பும்போது மெக்கானிக்கின் கேள்வியை மறுபடி நினைத்துப் பார்த்தேன். வண்டியை என்ன பண்ணீங்க என்று கேட்டார். ஒண்ணும் பண்ணலை என்றேன். அது தப்பான பதில். தொடாதேன்னு சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.